கோமதி அம்மனும் பட்டாளத்துக்காரர் மனைவியும்

ஆடி மாதம் வந்துவிட்டால் சங்கரன்கோவிலில் கால் வைக்க இடம் இருக்காது. ஒன்பது நிலை கொண்ட ராஜகோபுரம். அதன் அடியில் கடலை மிட்டாய்க் கடை, வளையல் கடை, பூக்கடை. எங்கு பார்த்தாலும் மஞ்சள் சேலை.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண் கோவிலைச் சுற்றி வருகிறாள். யாரிடமும் பேசவில்லை. வேடிக்கை பார்க்கவில்லை. மடியில் புளியங்கொட்டை முடிந்து வைத்திருக்கிறாள். மொத்தம் 108 கொட்டைகள். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டை கைப்பைக்குள் போகும். இதற்கு "ஆடிச்சுற்று" என்று பெயர்.

அவள் புருஷன் பட்டாளத்தில் இருக்கிறான். எங்கே இருக்கிறான்? வடக்கே, மலை மேலே. அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். அதற்கு மேல் அவனும் சொல்ல மாட்டான். அவளும் கேட்க மாட்டாள்.

இது ஒரு வீட்டின் கதை அல்ல. பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய பல வீடுகளின் கதை. ஆகையால் அவளுக்கு இங்கே பெயர் வேண்டாம்.

அம்மனுக்கும் கால் வலிக்கும்

ஆடிச்சுற்று எதற்காக? அதை அறிய, ஆடித்தபசின் கதையை அறிய வேண்டும்.

சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். "சிவனே பெரியவர்" என்றான் ஒருவன். "திருமாலே பெரியவர்" என்றான் மற்றவன். சண்டை முற்றியது. இருவரும் அம்பாளிடம் போனார்கள். இருவரும் ஒருவரே என்று உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்று அம்பாள் வேண்டினாள். அதற்காகப் பூமிக்கு வந்து தவம் இருந்தாள். அதுவும் ஒற்றைக் காலில் நின்று தவம் இருந்தாள்.

தவம் பலித்தது. ஆடி மாதத்தில் இறைவன் காட்சி கொடுத்தார். ஒரு பாதி சங்கரன். மறு பாதி நாராயணன். அவரே சங்கரநாராயணர். அம்பாளின் பெயர் கோமதி. இது கோவிலின் தல வரலாறு.

இன்றும் ஆண்டுதோறும் இந்தத் தபசுக் காட்சி நடக்கிறது. கொடியேற்றம், தேரோட்டம் என்று நாள்தோறும் திருவிழா. தபசு நாளில் அம்மன் தெற்கு ரத வீதிக்கு எழுந்தருளுகிறாள். அங்கே காத்திருக்கிறாள். மாலையில் சங்கரநாராயணராகச் சுவாமி வருகிறார். இரவில் சங்கரலிங்கமாக மறுபடியும் வருகிறார். விவசாயிகள் தங்கள் வயலில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் காணிக்கையாக வீசுகிறார்கள்.

ஒற்றைக் காலில் நிற்கும் அம்மனுக்குக் கால் வலிக்காதா? வலிக்கும். அந்த வலியில் தாங்களும் பங்கு எடுத்துக் கொள்வதற்காகவே ஆடிச்சுற்று சுற்றுவதாகப் பக்தர்கள் சொல்வது உண்டு.

மனிதர்தான் தெய்வத்திடம் ஆறுதல் கேட்பார்கள். இங்கே தெய்வத்தின் வலியை மனிதர் வாங்கிக் கொள்கிறார்கள். பட்டாளத்துக்காரர் மனைவிக்கு இது நன்றாகப் புரிகிறது. காத்திருப்பது என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை.

ஊர் இல்லாத விலாசம்

பட்டாளத்தில் இருப்பவருக்குக் கடிதம் எழுதினால் விலாசத்தில் ஊர் பெயர் இருக்காது. ஆளின் நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு. அதன் கீழே "56 ஏ.பி.ஓ." அல்லது "99 ஏ.பி.ஓ." என்று எழுதினால் போதும். ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம். அவர் பாலைவனத்தில் இருந்தாலும் சரி, பனிமலையில் இருந்தாலும் சரி, கடிதம் தேடிக்கொண்டு போய்விடும். படை எங்கே இருக்கிறது என்பது எதிரிக்குத் தெரியக்கூடாது. அதற்காகவே இந்த ஏற்பாடு.

கோவிலிலும் அப்படித்தான். அர்ச்சகர் கேட்பது பெயரையும் நட்சத்திரத்தையும்தான். "எந்த ஊரில் இருக்கிறார்?" என்று கேட்பது இல்லை. அவள் வெள்ளிக்கிழமை தோறும் புருஷன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்கிறாள்.

கோமதி அம்மன் கோவிலில் புற்றுமண் பிரசாதம். அதில் ஒரு சிட்டிகை எடுத்துத் தாளில் மடித்து, கடித உறைக்குள் வைக்கிறாள். கையில் செல்போன் இருக்கிறது. ஆனாலும் செல்போனில் புற்றுமண் போகாதே! அதற்குத் தபால்தான் வேண்டும்.

அந்தக் காலத்தில் நிலைமை இன்னும் கடினம். 1962இல் சீனப் படை வந்தது. 1965இலும் 1971இலும் பாகிஸ்தானுடன் போர். அப்போது வீட்டுக்கு வீடு போன் ஏது? ரேடியோவில் செய்தி கேட்பார்கள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவார்கள். கடிதம் வந்தால் சந்தோஷம். மணியார்டர் வந்தால் இரட்டைச் சந்தோஷம். ஆனால் தந்தி வந்தால்? பிரித்துப் பார்க்கவே கை நடுங்கும்.

2013 ஜூலை மாதத்தோடு நம் நாட்டில் தந்திச் சேவை நின்றுவிட்டது. பயம் மட்டும் நிற்கவில்லை. இப்போது அது செல்போனுக்குக் குடிவந்துவிட்டது. தெரியாத நம்பரிலிருந்து மணி அடித்தால் அவளுக்கு நெஞ்சு "பக்" என்கிறது.

வீட்டுக்கு அவளே கேப்டன்

புருஷன் எல்லையைக் காக்கிறான். வீட்டைக் காப்பது யார்? அவள்தான்.

விடிகாலையில் எழுந்திருக்கிறாள். வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் பேர் போன ஊர். வீட்டில் இருந்தபடியே மல்லிகையும் பிச்சியும் கட்டிக் கொடுத்தால் கைச்செலவுக்குக் காசு வரும். பூவைக் கட்டி முடித்து, மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து நிமிர்வதற்குள் மணி பத்து ஆகிவிடும்.

பிறகு ரேஷன் கடை, பாங்கி, மின்சாரக் கட்டணம். மகனின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். மற்றப் பிள்ளைகளுக்கு அப்பாவும் அம்மாவும் வருவார்கள். இவனுக்கு அம்மா மட்டும் வருவாள். கல்யாண வீட்டுக்கும் அவளே போக வேண்டும். துக்க வீட்டுக்கும் அவளே போக வேண்டும். மொய் எழுதும்போது மட்டும் புருஷன் பெயரைச் சொல்வாள்.

ராணுவ வீரருக்கு ஆண்டுக்கு 60 நாள் வருட லீவும், 30 நாள் தற்செயல் லீவும் உண்டு. ஆனால் எல்லையில் நெருக்கடி வந்தால் லீவு தள்ளிப் போகும். தீபாவளிக்கு வருவேன் என்பார். பொங்கலுக்குத்தான் வருவார். மகனுக்குக் காது குத்த நாள் குறிப்பார்கள். அப்பா வரவில்லை என்று நாளை மாற்றுவார்கள். மறுபடியும் மாற்றுவார்கள். கடைசியில் அப்பா இல்லாமலே காது குத்திவிடுவார்கள்.

"அப்பா எப்பம்மா வருவாவ?" என்று மகன் கேட்கிறான்.

"பொதிகை ரெயில்ல வருவாவ" என்கிறாள்.

எந்த நாள் என்று அவள் சொல்லவில்லை. சென்னையிலிருந்து செங்கோட்டை போகும் அந்த ரெயில் சங்கரன்கோவிலில் நிற்கும். ரெயில் சத்தம் கேட்கும்போது எல்லாம் சிறுவன் வாசலைப் பார்க்கிறான்.

சொல்லலாமா, வேண்டாமா?

ஒரு நாள் இரவு மாமியாருக்கு நெஞ்சு வலி வந்தது. வியர்த்துக் கொட்டியது.

அவள் அழவில்லை. அழ நேரம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பினாள். மகனை அந்த வீட்டில் விட்டாள். "108"க்குப் போன் செய்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. முதலில் உள்ளூர் ஆஸ்பத்திரி. அங்கிருந்து பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரி.

படுத்தபடியே மாமியார் மருமகள் கையைப் பிடித்தாள்.

"தாயி, அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிராத. அவன் மலை மேல நிக்கான். மனசு இங்க வந்துட்டா அங்க கால் தடுக்கிரும்."

மறுநாள் மாலை புருஷனிடமிருந்து போன் வந்தது. மலை மேலே சிக்னல் கிடைப்பதே அபூர்வம். வாரக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் பேசுகிறான்.

"அம்மா எங்கே?" என்று கேட்டான்.

அவள் ஒரு விநாடி யோசித்தாள். "கோவிலுக்குப் போயிருக்காவ" என்றாள்.

பொய்தான். அன்று இரவு முழுவதும் அவளுக்குத் தூக்கம் இல்லை. மாமியாருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? "என் தாய் முகத்தைக் கூடப் பார்க்க விடவில்லையே" என்று புருஷன் கேட்டால் என்ன பதில் சொல்வது? சொல்லியிருந்தால்? மனம் கலங்கி, காவல் நிற்கும் இடத்தில் அவன் கவனம் தப்பினால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்.

மாமியார் பிழைத்துக் கொண்டாள். பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். லீவில் வந்தபோதுதான் மகனுக்கு விஷயம் தெரிந்தது. அவனுக்குக் கோபம்.

"என்னிடம் ஏன் மறைத்தாய்?" என்று கேட்டான்.

"நீங்க மட்டும் அங்க நடக்கிறதை எல்லாம் சொல்லுதியளோ?" என்று அவள் கேட்டாள்.

அவன் வாய் திறக்கவில்லை. பனிச்சரிவில் தோழன் ஒருவன் போனதை அவன் வீட்டில் யாருக்கும் சொன்னது இல்லை. "இங்கே ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன்" என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறான்.

அவளும் மறைத்தாள். அவனும் மறைத்தான். இருவரும் அன்பினால்தான் மறைத்தார்கள்.

அன்று இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சில்லறைக் கஷ்டம் எதையும் போனில் சொல்வது இல்லை. உயிர் விஷயம் என்றால் மறைப்பது இல்லை. அதையும் எடுத்த எடுப்பில் அவனிடம் சொல்லக் கூடாது. முதலில் அவன் படைப்பிரிவின் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அங்கே உள்ள அதிகாரி பக்குவமாகச் சொல்லி, முடிந்தால் லீவும் கொடுத்து அனுப்புவார். அந்த அலுவலகத்தின் நம்பரை அவன் சுவரில் எழுதி வைத்துவிட்டுப் போனான். காலண்டருக்குப் பக்கத்தில் அது இன்றும் இருக்கிறது.

ஆறு நாள் காத்திருந்த நாடு

இந்தப் பயம் வீண் பயம் அல்ல.

இமயமலையில் சியாச்சின் என்று ஒரு பனிப் பிரதேசம். 1984ஆம் ஆண்டு முதல் நம் படை அங்கே காவல் நிற்கிறது. அங்கே குண்டு பட்டு இறந்தவர்களை விட, குளிரிலும் பனிச்சரிவிலும் இறந்தவர்களே அதிகம்.

2016 பிப்ரவரி 3ஆம் தேதி. சுமார் 19,600 அடி உயரத்தில் ஒரு காவல் முகாம் மீது பனிமலை சரிந்தது. அங்கே இருந்தவர்கள் மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த 10 வீரர்கள். அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். மதராஸ் ரெஜிமெண்ட் 1758இல் தோன்றிய படை. நீலகிரியில் உள்ள வெலிங்டன்தான் அதன் தாய்வீடு.

எல்லோரும் இறந்திருப்பார்கள் என்றே நினைத்தார்கள். ஆறாம் நாள் பனியைத் தோண்டியபோது ஒருவர் உயிரோடு இருந்தார்! கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா. நாடே அவருக்காகப் பிரார்த்தனை செய்தது. கோவிலில் பூஜை. பள்ளிவாசலில் தொழுகை. மாதா கோவிலில் ஜெபம். ஆனால் பிப்ரவரி 11ஆம் தேதி டெல்லி ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது.

2020 ஜூன் மாதம் லடாக்கில் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு மோதல். ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி அதில் உயிர் துறந்தார். 2021இல் அவருக்கு வீர் சக்ரா விருது கொடுத்தார்கள். ஜனாதிபதி கையிலிருந்து அதை வாங்கியவர் அவருடைய மனைவி.

பிரார்த்தனை செய்தால் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்களா? இல்லை. அது பட்டாளத்துக்காரர் மனைவிக்குத் தெரியும். தெரிந்தும் அவள் கோவிலுக்குப் போகிறாள்.

எதற்காகப் போகிறாள்? "அவரைக் காப்பாற்று" என்று கேட்கப் போகிறாள். அது முதல் வேண்டுதல். "எது வந்தாலும் நான் நிலைத்து நிற்க வேண்டும்" என்று கேட்கவும் போகிறாள். அது இரண்டாவது வேண்டுதல். முதல் வேண்டுதலை வாய் விட்டுச் சொல்வாள். இரண்டாவதை மனத்துக்குள் சொல்வாள்.

சங்கரன்கோவிலுக்கு அருகே உள்ள நெல்கட்டும்செவல் பூலித்தேவரின் ஊர். வெள்ளையரை எதிர்த்த வீரர். அவர் பிடிபட்டபோது, இந்தக் கோவிலில் வழிபட அனுமதி கேட்டு உள்ளே போனார், விலங்கு தெறித்தது, ஜோதியில் மறைந்தார் என்று மக்கள் சொல்லி வருகிறார்கள். போனவர் என்ன ஆனார் என்று தெரியாமல் காத்திருந்த மனிதர்கள் இந்த மண்ணுக்குப் புதியவர்கள் அல்லர்.

அங்கேயும் ஒரு சங்கரநாராயணர்

பட்டாளத்தில் பல மதத்தார் இருக்கிறார்கள். பல படை முகாம்களில் "சர்வ தர்ம ஸ்தலம்" என்று ஒரு வழிபாட்டுக் கூடம் உண்டு. எல்லா மதத்துக்கும் அங்கே ஒரே கூரை. பண்டிதர், மௌல்வி, பாதிரியார், சீக்கிய குரு ஆகியோரை ராணுவமே சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது.

சியாச்சினில் "ஓ.பி. பாபா" என்று ஒரு சிறு கோவில் இருக்கிறது. வீரர்கள் மலை ஏறும் முன் அங்கே போய்ச் சொல்லிக்கொண்டு போவார்கள். இறங்கி வந்ததும் மறுபடியும் போய்ச் சொல்வார்கள். எந்த மதத்துக்காரரும் இதற்கு விலக்கு இல்லை.

"உன் சாமி பெரியதா, என் சாமி பெரியதா?" என்று அங்கே யாரும் கேட்பது இல்லை. ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டு பனியில் நடக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. சங்கனும் பதுமனும் போட்ட சண்டைக்கு இங்கே கோவிலில் விடை இருக்கிறது. அங்கே கயிற்றில் விடை இருக்கிறது.

தாய்மார்கள் கவனிக்க

பக்தி வேண்டும். அதோடு கையில் காகிதமும் வேண்டும். பட்டாளத்துக்காரர் மனைவிமார் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

கல்யாணம் ஆனதும் அதைப் படைப்பிரிவின் ஆவணத்தில் பதிவு செய்ய வேண்டும். குழந்தை பிறந்தாலும் பதிவு செய்ய வேண்டும். இதற்கு ராணுவத்தில் "பார்ட் டூ ஆர்டர்" என்று பெயர். பின்னால் குடும்பப் பென்ஷன் முதலான உரிமைகளுக்கு இதுவே ஆதாரம். ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் அலைய நேரும். ஆதாரில் ஒரு பெயரும், ஆவணத்தில் வேறு பெயரும் இருக்கக் கூடாது.

பாங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருப்பது நல்லது. கணவரின் ராணுவ நம்பர், படைப்பிரிவின் பெயர், ஆவண அலுவலகத்தின் விலாசம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் நிலத் தகராறு, கடன் தொல்லை என்று ஏதாவது வந்தால் தனியே தவிக்க வேண்டாம். பல மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பெயர்தான் "முன்னாள்". இப்போது பணியில் இருப்பவரின் குடும்பமும் அங்கே போய் உதவி கேட்கலாம்.

தபசு மாலை

தபசு நாள் வந்தது. தெற்கு ரத வீதியில் மனிதத் தலைகளைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. மாமியாரைக் கடைத் திண்ணை ஒன்றில் உட்கார வைத்துவிட்டு, மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு அவள் நிற்கிறாள்.

"ஆச்சி, அம்மன் எதுக்கு ஒத்தைக் கால்ல நிக்கி?" என்று சிறுவன் கேட்கிறான்.

"சாமி வரணும்னு நிக்கி."

"சாமி வரலைன்னா?"

கிழவி கொஞ்சம் யோசித்தாள். "வார வரைக்கும் நிப்பா" என்றாள்.

சுவாமி வந்தார். தீபாராதனை காட்டினார்கள். பருத்தியும் வத்தலும் பறந்தன. எல்லோரும் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்கள். மகன் தோளில் இருந்ததால் அவளால் ஒரு கையைத்தான் தூக்க முடிந்தது.

அன்று போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் வந்தது. சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

"தபசு பார்த்தியா?"

"பார்த்தோம்."

"அம்மா?"

"அவியளும் வந்தாவ. நல்லா இருக்காவ."

இந்தத் தடவை அது பொய் இல்லை. அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு தெளிவு இருந்தது. அவனுக்கும் அது கேட்டிருக்கும்.

பேச்சு முடிவதற்குள் சிக்னல் போய்விட்டது. அவள் போனை வைத்துவிட்டு, 108 புளியங்கொட்டைகளையும் ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். அடுத்த ஆடிக்கு வேண்டும் அல்லவா? பிறகு மகனுக்குத் தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பூக்கட்ட உட்கார்ந்தாள்.